காற்று சுருங்காது: ஒரு குட்டிப் பாய்மரப் படகின் கணக்கு

பத்து மீட்டர் நீளமுள்ள நிஜப் பாய்மரப் படகு ஒன்றின் வரைபடத்தை எடுத்து, எல்லா அளவையும் 15ஆல் வகுத்து, அப்படியே ஒரு குட்டிப் படகு செய்தால் என்ன ஆகும்? நான் செய்து பார்த்தேன். பார்க்க அச்சு அசலாக இருந்தது. ஆர்.கே.பேட்டை பக்கத்தில் ஒரு ஏரியில் விட்டேன். பத்தடிகூடப் போகவில்லை, பாய் தண்ணீரில் படுத்துவிட்டது. எங்கேயும் ஓட்டை இல்லை, ஒட்டினது எதுவும் பிரியவில்லை. வேடிக்கை பார்த்த பையன், "சார், படகு படுத்துக்கிச்சு" என்றான். அது ஏன் படுத்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்ததுதான் இந்தக் குறிப்பு.

விஷயம் எளிமையானது. நீளம் 15இல் ஒரு பங்கானால், பாயின் பரப்பு 225இல் ஒரு பங்காகும் (15 × 15). எடை 3375இல் ஒரு பங்காகும் (15 × 15 × 15). படகைச் சாய்ப்பது எது? பாய் மேல் விழும் காற்றின் தள்ளு, அந்தத் தள்ளு எவ்வளவு உயரத்தில் விழுகிறது என்பது, இந்த இரண்டின் பெருக்கல். அது 225 × 15, அதாவது 3375இல் ஒரு பங்காகக் குறைகிறது. நிமிர்த்துவது எது? அடியில் இருக்கும் எடை, அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது. அது 3375 × 15, அதாவது 50,625இல் ஒரு பங்காகக் குறைகிறது. சாய்க்கும் விசையைவிட நிமிர்த்தும் விசை 15 மடங்கு அதிகமாக வற்றிவிட்டது. படகை நாம் சுருக்கலாம், காற்றைச் சுருக்க முடியாது. ஏரியில் அடிப்பது முழு அளவுக் காற்று.

நிஜப் படகுகளில் இந்தச் சாய்வை ஆட்களை வைத்துச் சமாளிக்கிறார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல், இந்தியப் படகுகள் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் பாக் நீரிணைப் பக்கத்துப் படகுகளை விவரிக்கிறார். படகின் குறுக்கே ஒரு நீளமான பலகை. காற்று வரும் பக்கமாக ஆட்கள் அதன் மேல் போய் உட்காருவார்கள். காற்று கூடினால் இன்னும் வெளியே நகருவார்கள். அந்த ஆட்கள்தான் எதிர் எடை. இன்றைய பந்தயப் படகுகளில் ஓட்டுநர் உடம்பை வெளியே சாய்த்துத் தொங்குவதும் இதே வேலைதான்.

நம்ம படகில் உட்கார ஆள் இல்லை. அதனால் ஒரே வழி, எடையைக் கீழே, ரொம்பக் கீழே கொண்டுபோவது. படகின் அடியில் மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு இறங்கும். அதற்குப் பெயர் கீல். அதன் நுனியில் ஈயம். 1988இல் தொடங்கி இன்றும் பல நாடுகளில் ஓடும் 'இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்' என்ற ரேடியோ படகு வகையின் விதிகளைப் பாருங்கள். படகின் நீளம் 1 மீட்டர். ஆழம் 42 செ.மீ. வரை போகலாம். மொத்த எடை குறைந்தது 4 கிலோ, அதில் கீலும் ஈயமும் மட்டும் 2.2 முதல் 2.5 கிலோ. பாதி எடைக்கு மேல் அடியில் தொங்குகிறது! நிஜப் படகின் விகிதத்தில் இது அசிங்கமாகத் தெரியும். ஆனால் அந்த அசிங்கம்தான் அதை நிறுத்துகிறது.

வீட்டில் செய்ய அதைவிடச் சின்னதான 'ஆர்ஜி 65' வகை வசதி. நீளம் 65 செ.மீ., பாய்ப் பரப்பு அதிகபட்சம் 2250 சதுர செ.மீ. என் இரண்டாவது படகின் கணக்கு இதுதான். மொத்தம் 1100 கிராம், அதில் ஈயம் 600. மணிக்கு 14 கி.மீ. காற்றில் பாய் மேல் விழும் தள்ளு சுமார் 260 கிராம், அது விழும் உயரம் (தண்ணீரின் எதிர்ப்பு மையத்திலிருந்து) சுமார் 55 செ.மீ. ஈயம் 12 செ.மீ. ஆழத்தில் இருந்தால் படகு 60 டிகிரிக்கு மேல் சாய்ந்துதான் நிற்கும், அதாவது படுத்துவிடும். என் முதல் படகு அதுதான். அதே ஈயத்தை 32 செ.மீ. ஆழத்துக்கு இறக்கினால் சாய்வு 37 டிகிரிக்கு வந்துவிடுகிறது. ஒரு கிராம்கூடக் கூட்டவில்லை. இது தோராயக் கணக்கு, ஆனால் முடிவெடுக்கப் போதும்.

கீலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காற்றுக்கு எதிர்த் திசையில் பாய்மரப் படகு எப்படிப் போகிறது என்று பலர் கேட்கிறார்கள். ஈரமான சீத்தாப்பழக் கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். பக்கவாட்டில்தான் அழுத்துகிறீர்கள், கொட்டை முன்னால் பாய்கிறது. ஒரு விரல் பாய் மேல் விழும் காற்று. இன்னொரு விரல் கீலைத் தடுக்கும் தண்ணீர். கீல் இல்லாவிட்டால் படகு பக்கவாட்டில் நழுவிக்கொண்டே இருக்கும். அப்படியும் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. சுமார் 45 டிகிரி சரிவில் வலமும் இடமுமாக மாறி மாறித்தான் போகணும்.

இனி செய்முறை. படகின் உடலுக்குத் தெர்மாகோல் கட்டியைச் சூடான கம்பியால் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, மேலே மெல்லிய கண்ணாடியிழைத் துணி ஒட்டலாம். எபாக்ஸி மட்டும் பயன்படுத்துங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும். மேல்பக்கம் எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது. ஈயத்துக்கு, மீன் வலையில் கட்டும் குண்டுகள் போதும். ஈயம் 327 டிகிரியில் உருகும், ஆனால் வீட்டில் உருக்காதீர்கள். அச்சில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஆவியாகி உருகிய ஈயம் தெறிக்கும். புகையும் நஞ்சு. சின்னக் குண்டுகளை முக்கால் அங்குல பிவிசி குழாயில் போட்டு எபாக்ஸி ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள்.

பாய்க்குத் துணியா, பிளாஸ்டிக் தாளா? இந்த ஊரில் விசைத்தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விடை தெரியும். எந்தத் துணியையும் பாவு நூல் வழியாக இழுத்தால் நீளாது, ஊடை வழியாக இழுத்தாலும் நீளாது. மூலைவாட்டில் இழுத்தால் நீண்டுவிடும். பாயின் பின் விளிம்பில்தான் இழுப்பு அதிகம். அந்த விளிம்புக்கு இணையாக நூல் ஓடுகிற மாதிரி வெட்டவில்லை என்றால் பாய் தொப்பை போடும். பாலியெஸ்டர் தாளில் நூலே இல்லை, எந்தப் பக்கமும் ஒரே மாதிரி. அதனால் முதல் பாய்க்குத் தாள் சுலபம்.

ரேடியோவில் இரண்டு சேனல் போதும். ஒரு சர்வோ சுக்கானுக்கு, இன்னொன்று பாயைப் பிடிக்கும் கயிற்றுக்கு. இந்த இரண்டாவது சர்வோ பாயை வெளியே தள்ளாது. கயிற்றைத் தளர்த்தும், அவ்வளவுதான். தள்ளுவது காற்று. உள்ளே இழுக்கும்போதுதான் அதற்கு வேலை, அதனால் அது பலமானதாக இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது. ரிசீவர் ஆன்டெனாவை உடலின் மேல்பகுதியில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள்.

வேகத்தை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். தண்ணீரில் மிதந்து போகும் உடலின் வேகம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பத்து மீட்டர் படகு மணிக்கு 14 கி.மீ. போனால், 65 செ.மீ. படகு 3.6 கி.மீ. போகும். கரையில் கூடவே நடக்கலாம்.

எந்தக் கரையில் நிற்பது என்பதும் முக்கியம். காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அங்கே நில்லுங்கள். பேட்டரி போனாலும் படகு மெல்ல உங்களிடமே வந்து சேரும். நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் இருக்கும் மூலைப் பக்கம் போகவே வேண்டாம். ஆழமான கீல் முதலில் அங்கேதான் சிக்கும். அதை எடுக்க யாரையும் ஏரியில் இறக்காதீர்கள், படகு போனால் போகட்டும்.

கடைசியாக ஒன்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்காகும். எந்த ஈயமும் அதற்கு ஈடுகொடுக்காது. ஒன் மீட்டர் வகையில் மூன்று அளவுப் பாய்கள் வைத்திருப்பது அதற்காகத்தான். இங்கே ஆடியில் காற்று இருக்கும், ஏரியில் தண்ணீர் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறைந்த பிறகு, தை, மாசியில்தான் நமக்குப் படகு விடும் காலம். அதற்குள் பாதிப் பரப்பில் இன்னொரு பாய் வெட்டி வைத்துவிட வேண்டும். அந்தப் பையனிடம் அடுத்த முறை நிமிர்ந்தே போகும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.