ஏன் என்று கேட்கலாம்

மைசூருக்குத் தெற்கே நஞ்சன்கூடு இருக்கிறது. கபினி ஆற்றங்கரை ஊர். அங்கே பெரிய சிவன் கோயில் உண்டு. கோயிலுக்குள் ஒரு பச்சை லிங்கமும் இருக்கிறது. அதைக் கொடுத்தவர் யார் தெரியுமா? திப்பு சுல்தான் என்கிறார்கள்.

திப்பு 1782 முதல் 1799 வரை மைசூரை ஆண்டவர். அவருடைய யானைக்குக் கண் தெரியாமல் போய்விட்டதாம். நஞ்சுண்டேசுவரரை வேண்டியதும் பார்வை திரும்பியதாம். உடனே சாமிக்கு 'ஹக்கீம் நஞ்சுண்டா' என்று பெயர் வைத்தாராம். ஹக்கீம் என்றால் வைத்தியர். கதைதான், ஆனாலும் ஊர் அதை மறக்கவில்லை.

குடகில் போய்க் கேளுங்கள். அதே திப்புவைப் பற்றிக் கண்ணீர்க் கதைகள் சொல்வார்கள். அரசர் மனம் இளகினால் கொடுப்பார். கோபம் வந்தால் அழிப்பார். ஏன் என்று கேட்கக் குடிமக்களுக்கு வழி இல்லை.

1881-இல் அந்த வழி கொஞ்சம் திறந்தது. அப்போது மைசூர் திவான் ரங்காசார்லு. செங்கல்பட்டுப் பக்கத்தில் பிறந்தவர். அவர் மக்கள் பிரதிநிதிகள் சபை ஒன்றைக் கூட்டினார். 144 பேர் வந்தார்கள். நிலம் உள்ளவர்களும் வியாபாரிகளும்தான். குறைகளைச் சொல்லலாம், சட்டம் போட முடியாது. கூலி வேலை செய்பவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே இடம் இல்லை.

இன்று கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் சட்டப்படி பஞ்சாயத்துகளில் பாதி இடம் பெண்களுக்கு. கிராம சபையில் நீங்களும் எழுந்து நிற்கலாம். சாலைக்கு எவ்வளவு பணம் வந்தது? எவ்வளவு செலவானது? கணக்கைக் காட்டச் சொல்லலாம். காட்டினால், இப்போது உங்களுக்கு அதைப் படிக்கவும் தெரியும்.