"இப்ப ஊசி போட்டுடலாமா, டாக்டர்?"

ஆக்சிஜன் மாஸ்க்கைச் சற்று விலக்கிவிட்டு அவர் என்னிடம் கேட்டது இதைத்தான். வயது 58. பதினைந்து வருடமாகச் சுகர். வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் பள்ளிக்கூடத்தில் மூன்று முறை கொரோனா தடுப்பூசி முகாம் நடந்திருக்கிறது. மூன்று முறையும் "கொஞ்ச நாள் பாத்துட்டுப் போட்டுக்கலாம்" என்று இருந்துவிட்டார். காய்ச்சல் தொடங்கிய எட்டாம் நாள் எங்களிடம் கொண்டுவந்தபோது ஆக்சிஜன் அளவு 82.

நோயில் படுத்துவிட்டவரை இந்த ஊசி காப்பாற்றாது. உடம்பு எதிர்ப்பாற்றலைத் தயார்செய்ய வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்கள் அவர் கையில் இருந்தன. வேடிக்கை பார்த்தே கழித்துவிட்டார்.

2021 மே மாதம் யாருக்கும் மறந்திருக்காது. 21-ஆம் தேதி ஒரே நாளில் தமிழகத்தில் 36 ஆயிரம் பேருக்கு மேல் தொற்று. படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்ஸிலேயே காத்துக்கிடந்தார்கள். ஊசிக்கும் தட்டுப்பாடு. பிறகு நிலைமை மாறியது. செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில் மட்டும் 28 லட்சம் டோஸ்களுக்கு மேல் போடப்பட்டன. ஆனாலும் வராதவர்கள் வரவே இல்லை. அவர்களில் நான் அதிகம் பார்த்தது யாரை முதலில் காக்க வேண்டுமோ அவர்களைத்தான்: வயதானவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும்.

"நடிகர் விவேக்கே போட்டுட்டுத்தானே…"

அப்போது தினமும் ஒருவராவது சொன்னது இது. விவேக் ஏப்ரல் 15 அன்று அரசு மருத்துவமனைக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி அதிகாலை மாரடைப்பால் இறந்தார். அந்த மரணத்தை ஆராய்ந்த மத்திய அரசின் குழு, தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அக்டோபரில் அறிவித்துவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். நம் நாட்டில் மாரடைப்பு இல்லாத நாளே கிடையாது. லட்சக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொள்ளும்போது, எப்படியும் வரவிருந்த மாரடைப்பு சிலருக்கு மறுநாள் வரத்தான் செய்யும். பொதுமக்கள் தயங்காமல் வரட்டும் என்றுதான் அவர் கேமரா முன்னால் கையை நீட்டினார். அவர் பெயரைச் சொல்லியே வராமல் இருப்பது அவருக்குச் செய்யும் மரியாதையா?

"எனக்குச் சுகர், பிரஷர் இருக்கே!"

இருப்பதால்தான் கூப்பிட்டோம். மார்ச் 1 அன்று பொதுமக்களுக்கு ஊசி தொடங்கியபோது 60 வயதைக் கடந்தவர்களோடு சேர்த்து, 45 வயதுக்கு மேற்பட்ட இணைநோய் உள்ளவர்களை ஏன் முதல் வரிசையில் நிறுத்தினார்கள்? கொரோனா அவர்களைத்தான் சாய்க்கிறது. ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். நர்ஸிடம் சொல்லிவிட்டு, குத்திய இடத்தைச் சில நிமிடம் பஞ்சால் அழுத்திப் பிடித்தால் போதும்.

"போட்டவங்களுக்கும்தானே வருது?"

வருகிறது. மறைக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது, ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, தமிழகக் காவல்துறையினரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஊசியே போடாத 17,059 பேரில் 20 பேர் கொரோனாவில் இறந்தார்கள். ஒரு தவணை போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டு தவணையும் போட்ட 67,673 பேரில் 4 பேர். போடாதவர்களில் சுமார் 850 பேருக்கு ஒருவர். இரண்டும் போட்டவர்களில் சுமார் 17 ஆயிரம் பேருக்கு ஒருவர். எல்லோரும் ஒரே வெயிலில், ஒரே செக்போஸ்ட்டுகளில் நின்றவர்கள்தாம்.

"குழந்தை பிறக்காதாம், ரெண்டு வருஷத்துல செத்துடுவாங்களாம்"

இரண்டும் வாட்ஸ்அப் கதை. ஆண்மைக் குறைவோ மலட்டுத்தன்மையோ இதனால் வராது. 2021 ஜூலை முதல் கர்ப்பிணிகளுக்கே போட்டோம். கர்ப்ப காலத்தில் கொரோனா வந்தால் தாய்க்கும் ஆபத்து, குறைப்பிரசவமும் ஆகலாம். 'இரண்டு வருடக் கெடு' ஒரு வெளிநாட்டு விஞ்ஞானி சொல்லாததைச் சொன்னதாகப் பரப்பிய பொய். அனுப்பியவரிடம் எங்கே படித்தார் என்று ஒரு முறை கேட்டுப்பாருங்கள்.

"ஞாயித்துக்கிழமை கறி சாப்பிடணுமே!"

சிரிக்காதீர்கள். கறியும் மதுவும் ஆகாது என்ற பேச்சு பரவி ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குக் கூட்டம் குறைந்ததால்தான், அக்டோபரில் அரசு முகாமையே சனிக்கிழமைக்கு மாற்றியது. கறிக்கும் ஊசிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குடிப்பழக்கம் உள்ளவர்களும் போட்டுக்கொள்ளலாம். குடித்துவிட்டு வராமல் இருந்தால் சரி.

பக்கவிளைவே கிடையாதா?

உண்டு. ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், உடம்பு வலி, கைவலி வரலாம். பாராசிட்டமால் போதும். ரத்தம் உறைதல் மிக அரிது: மே மாதம் வெளிவந்த அரசுக் குழுவின் கணக்கின்படி பத்து லட்சம் டோஸுக்கு 0.61. ஊசி போட்ட இருபது நாளுக்குள் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கால் வீக்கம், விடாத தலைவலி வந்தால் உடனே வாருங்கள். அலர்ஜி வந்தால் பார்த்துக்கொள்ளத்தான் அரை மணி நேரம் உட்காரச் சொன்னோம். பாதிப் பேர் கண் தப்பி ஓடினார்கள்!

மருந்துக் கடையில் மட்டும் கேள்வி இல்லை

தடுப்பூசிக்கு ஆயிரம் ஆதாரம் கேட்பவர், மெடிக்கல் ஷாப்பில் காகிதத்தில் மடித்துத் தரும் ஐந்து மாத்திரைகளை என்ன ஏது என்று கேட்காமல் விழுங்குகிறார். என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது இதுதான். அந்த 58 வயதுக்காரர் சட்டைப்பையிலும் அப்படி ஒரு பொட்டலம் இருந்தது. அதில் ஒன்று டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு. ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிக்கு நாங்கள் அளந்து கொடுக்கும் மருந்தை, முதல் நாள் காய்ச்சலுக்கே சாப்பிட்டிருக்கிறார். வந்தபோது சுகர் 480. சுகர் எகிறி, கூடவே ஸ்டீராய்டும் சேர்ந்தால் கருப்புப் பூஞ்சைக்கு வாசல் திறந்த மாதிரி. இரண்டாவது அலையில் அதனால் கண்ணை இழந்தவர்கள் எத்தனை பேர்!

கபசுரக் குடிநீரோடு எனக்குச் சண்டை இல்லை. குடியுங்கள். ஆனால் கஷாயம் குடித்தாயிற்று, வேது பிடித்தாயிற்று, இனி ஊசி எதற்கு என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

பரிசோதனை

காய்ச்சல் வந்த உடனே மருந்துக் கடைக்கு ஓடாமல் ஆர்டிபிசிஆர் பரிசோதனை எடுங்கள். ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

தழும்பு

ஒரு நாள் மகன் வற்புறுத்தி அழைத்துவந்த ஒரு பாட்டி, "இந்த வயசுல எனக்கு எதுக்குய்யா ஊசி?" என்று முரண்டு பிடித்தார். ரவிக்கைக் கையை நர்ஸ் மேலே தூக்கினால், வட்டமாக இரண்டு பழைய தழும்புகள். சின்ன வயதில் அம்மை குத்தியது. அன்று வீடு வீடாக வந்து குத்தியதால்தான் 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மையே இல்லை. "பாட்டி, ஏற்கெனவே போட்டவங்கதான் நீங்க" என்றதும் சிரித்துவிட்டார். அந்தத் தழும்புக்குக் கீழேயே போட்டாயிற்று.

எங்கள் முகாமில் போட்ட கோவிஷீல்டு தடுப்பூசிக் குப்பி ஒன்றில் பத்து டோஸ். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டியிருந்தது. மாலையில் எங்கள் நர்ஸ் குப்பியை வைத்துக்கொண்டு, "இன்னும் மூணு பேர் வந்தா போதும் சார்" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மூன்று பேரில் ஒருவராக அந்த 58 வயதுக்காரர் வந்திருக்கலாம்.   கெஞ்சித்தான் கேட்கிறேன்: ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து அந்தக் கேள்வியை இனி ஒருவரும் என்னிடம் கேட்க வேண்டாம்.