வெளியீட்டு நாளும் கூட்டுழைப்பும்: கே.டி.ஈ. 4.0 பற்றிய சில குறிப்புகள்

திறந்த மூல மென்பொருள் பற்றிய எமது உரையாடல்களில் உடைமைப் பிரச்சினையே முதன்மை பெறுகின்றது. மூல நிரல் யாவர்க்கும் பொது. எனவே அங்கு சுரண்டலுக்கு இடமில்லை என்று முற்போக்காளர் சிலர் அவசரமாக மகிழ்ந்துவிடுகின்றனர். உடைமை நீங்கிய பின்னரும் உழைப்பை ஒருங்கிணைக்கும் பிரச்சினை எஞ்சி நிற்கின்றது. பெரும் வெளியீடொன்றின்போதே அது துலக்கமாகத் தெரியவரும். 2008 ஜனவரி 11 ஆந் திகதி வெளிவந்த கே.டி.ஈ. 4.0 இதற்குத் தக்க சான்றாகும்.

கணினித் திரையிலே சாளரங்கள், பட்டியல்கள், கோப்புகள் ஆகியவற்றைக் கையாள உதவும் மேசைச் சூழலே கே.டி.ஈ. ஜேர்மனியின் ரியூபிங்கன் பல்கலைக்கழக மாணவராயிருந்த மத்தியாஸ் எற்றிச் 1996 இல் விடுத்த அழைப்போடு இம்முயற்சி தொடங்கியது. பல நாட்டுத் தொண்டர்களும் கம்பனிகளிடம் ஊதியம் பெறுவோரும் இதிலே பங்குகொண்டனர்.

இதன் வெளியீட்டுக் குழு தொண்டர் எவரையும் வேலைநீக்க முடியாது. சம்பளத்தை வெட்டவும் முடியாது. அதன் கையிலுள்ளது நாட்காட்டி மட்டுமே. குறித்த நாளின்பின் புதிய வசதிகள் சேர்க்கப்படலாகா. வேறொரு நாளின்பின் திரையில் தோன்றும் சொற்களை மாற்றலாகாது. இவ்விரண்டாவது தடை மொழிபெயர்ப்பாளரின் பொருட்டே விதிக்கப்படுவது. இறுதி வாரத்தில் நிரலாளர் ஒரு வாக்கியத்தைத் திருத்தினால், பல மொழிகளிலே முடிந்திருந்த வேலை ஒரே கணத்தில் பயனற்றதாகிவிடும். அடுத்துச் சோதனைப் பதிப்புகள் வரும். வெளியீட்டுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னரே நிரல் முடிவாக்கப்பட்டு, அதனைப் பொதிசெய்வோரிடம் கையளிக்கப்படும்.

‘மூலதனம்’ முதலாந் தொகுதியில் கூட்டுழைப்பை ஆராயும் மார்க்ஸ், தனி வயலின் கலைஞர் தம்மைத் தாமே நெறிப்படுத்துவதையும், இசைக்குழுவுக்குத் தனியே ஒரு நெறியாளர் வேண்டப்படுவதையும் சுட்டுவார். முதலாளித்துவ ஆலையிலே நெறிப்படுத்தலும் ஆதிக்கமும் ஒன்றாய்ப் பிணைந்துள்ளன. இங்கோ முன்னையது பின்னையதினின்றும் பெருமளவு பிரிந்து நிற்கின்றது. கவனத்துக்குரிய புதுமை இதுவே.

எனினும் 4.0 இன் வரலாறு இடர் நிறைந்தது. அடித்தளமான ‘கியூற்’ நூலகத்தின் நான்காம் பதிப்பு 2005 இல் வந்ததும் சூழலின் பெரும்பகுதியை மீள எழுத நேர்ந்தது. 2007 ஒக்ரோபர் இறுதிக்குக் குறிக்கப்பட்ட நாள் டிசெம்பருக்கும், பின் ஜனவரிக்கும் தள்ளிப்போயிற்று. அடித்தளம் உறுதியாகும்வரை செயலிகளை எழுதுவோர் இடம்பெயரத் தயங்கினர். அவர்கள் இடம்பெயராமல் அடித்தளம் உறுதியாகவும் வழியில்லை. வெளியிட்டுவிடுவதே இம்முரண்பாட்டை உடைத்தது. உற்பத்தியாளர் நிலையில் நின்று நோக்கின் அத்தீர்மானம் சரியானதே என்பது என் கருத்து.

பயனரோ ‘4.0’ என்ற எண்ணை முற்றுப்பெற்ற பண்டத்தின் முத்திரையாக வாசித்தனர். 4.0 ஒரு தொடக்கமே என ஆக்குநர் விளக்கியும் பலன் குறைவு. திரையின் அடிப்பலகையின் உயரத்தை மாற்றும் எளிய வசதிகூட முதல் வெளியீட்டில் இருக்கவில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் ரோவால்ட்ஸ், தாம் வேறு மேசைச் சூழலுக்கு மாறிவிட்டதை 2009 இல் வெளிப்படையாகவே கூறினார்.

இங்கு இடைநின்ற விநியோகத்தரை மறத்தலாகாது. கே.டி.ஈ. பெரும்பாலான பயனரை அடைவது லினக்ஸ் விநியோகங்களின் ஊடாகவே. பழைய 3.5 வரிசைக்கான திருத்தங்கள் 2008 ஓகஸ்ற்வரை வந்துகொண்டிருந்தன. ஆயினும் 2008 மே மாத பெடோரா 9, 4.0 ஐயே தனது கே.டி.ஈ. ஆக வழங்கியது. யூனில் வந்த ஓப்பன்சூசே 11.0 இரண்டையும் வழங்கிற்று. தெரிவு செய்தோர் விநியோகத்தர். வசையின் பெரும்பங்கு விழுந்ததோ ஆக்குநர்மீது. நிரல் பொதுவுடைமையாயிருந்தும், உற்பத்தியாளர் தம் படைப்பு எவ்வாறு பயனரைச் சேரும் என்பதைத் தீர்மானிக்கும் நிலையில் இருக்கவில்லை.

2014 இலிருந்து நூலகங்களும் மேசைச் சூழலும் செயலிகளும் தனித்தனி நாட்காட்டிகளின்படி வெளிவரலாயின. ஆறாம் தலைமுறைக்காக 2024 பெப்ரவரி 28 இல் மூன்றும் மீண்டும் ஒரே நாளில் வெளியிடப்பட்டன. அடுத்த ஏப்ரலில் பெடோரா 40 அதனை ஏற்றுக்கொண்டது. அதே மாதத்தில் வந்த குபுந்து 24.04 ஐந்தாம் தலைமுறையிலேயே தங்கிற்று.