டிஸ்கிரிப்ஷனில் ஒட்டும் 107-ஆம் பிரிவு

தமிழ் கேமிங் வீடியோக்களின் கீழே டிஸ்கிரிப்ஷனைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? பலவற்றில் ஒரே ஆங்கிலப் பத்தி அப்படியே ஒட்டப்பட்டிருக்கும். 1976-ஆம் ஆண்டு காப்பிரைட் சட்டத்தின் 107-ஆம் பிரிவுப்படி இது ஃபேர் யூஸ், விமர்சனத்துக்கும் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் அனுமதி உண்டு என்று அது சொல்லும். கூடுவாஞ்சேரியில் எங்கள் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் கேமிங் சேனல் நடத்துகிறார். ஒரு கதை விளையாட்டை ஆரம்பம் முதல் கடைசி வரை ஆடி, தமிழில் பேசி, பல பாகங்களாகப் போட்டார். ஸ்ட்ரைக் வந்துவிட்டது. "அண்ணா, அந்தப் பாராவைப் போட்டிருந்தேனே, அப்புறம் எப்படி?" என்று கேட்டார். அதற்காகப் படித்ததைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. கோடு எழுதிப் பிழைப்பவன். அந்தக் கண்ணோடுதான் சட்டத்தையும் படித்தேன்.

முதல் விஷயம். அந்த 107 அமெரிக்காவுடையது. நம்ம பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் வருடத்தது. 79-ஆம் பிரிவோடு முடிந்துவிடுகிறது. நமக்கு 107 என்று ஒன்று கிடையவே கிடையாது. நமக்கு இருப்பது 52-ஆம் பிரிவு. அதில் வரும் சொல்லும் ஃபேர் யூஸ் இல்லை, ஃபேர் டீலிங்.

சொல்தானே வேறு என்று விட்டுவிட முடியாது. அமெரிக்கச் சட்டம் திறந்த கதவு. எந்த நோக்கமானாலும் வழக்கு மன்றம் நான்கு கேள்விகளை வைத்து எடைபோடும்: எதற்காக எடுத்தாய், எடுத்தது எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தாய், அதனால் மூலப் படைப்பின் சந்தைக்கு என்ன பாதிப்பு. நம்ம சட்டத்தில் வாசல்கள் எண்ணப்பட்டவை. சொந்த உபயோகம் (ஆராய்ச்சியும் இதில் சேரும்), விமர்சனம், நடப்புச் செய்தி என்று மூன்று. முதலில் இதில் ஒரு வாசலுக்குள் நுழைய வேண்டும். 'நியாயமாகக் கையாண்டாயா' என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். ஆசிரியரும் மாணவரும் பாடம் நடத்துவதற்குத் தனி உட்பிரிவுகள் உண்டு. பொழுதுபோக்கு என்று ஒரு வாசல் இல்லை. ஆகவே பிளேத்ரூ போடுபவருக்கு நடைமுறையில் மிஞ்சுவது விமர்சனம் என்ற ஒரே வாசல்.

அந்த வாசலிலும் ஒரு நிபந்தனை எழுதியிருக்கிறது: எந்தப் படைப்பையும் இப்படிக் கையாளலாம், கம்ப்யூட்டர் புரோகிராம் தவிர. இதைப் படித்ததும் ஒரு நிமிடம் திக்கென்றது. கேம் என்பதே புரோகிராம்தானே? ஆனால் ஒரு கேமுக்குள் சட்டத்தின் பார்வையில் பல படைப்புகள் இருக்கின்றன. சோர்ஸ் கோடு இலக்கியப் படைப்பு. திரையில் அசையும் படம் 'சினிமாட்டோகிராஃப் ஃபிலிம்' வகையில் வரும். பின்னணி இசை இன்னொன்று. பிளேத்ரூவில் ஒரு வரி கோடுகூட நகலாவதில்லை. நகலாவது அவுட்புட் மட்டும்தான். அதனால் அந்த விதிவிலக்கு நம் வாசலை அடைக்காது என்பது என் வாசிப்பு.

"ஒவ்வொருத்தர் ஆடும்போதும் ஆட்டம் மாறுது, அப்போ அந்த வீடியோ என் படைப்புதானே?" என்றும் பசங்க கேட்கிறார்கள். பழைய கேள்விதான் இது. 1982-லேயே 'ஸ்கிராம்பிள்' என்ற ஆர்கேட் விளையாட்டு பற்றிய வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைக் கேட்டுவிட்டு ஏற்கவில்லை. ஆட்டக்காரர் எப்படி ஆடினாலும் திரும்பத் திரும்ப வரும் காட்சிகளும் ஒலிகளும் தயாரித்தவருடையவைதான் என்றது. உங்கள் குரல் உங்களுடையது. ஓடும் படம் உங்களுடையது இல்லை.

சரி, விமர்சன வாசலுக்குள் போனால் எதை வைத்து அளப்பார்கள்? இதற்கு எனக்குப் பிடித்த தீர்ப்பு பக்கத்து ஊர்க்காரர்களுடையது. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற மலையாள நாடகத்துக்கு எதிர் நாடகம் எழுதினார் சிவிக் சந்திரன். மூல நாடகத்தின் பாத்திரங்களையும் வசனங்களையும் எடுத்துக்கொண்டே அதை விமர்சித்தார். 1996-ல் கேரள உயர் நீதிமன்றம் மூன்று விஷயங்களைப் பார்த்தது. விமர்சனத்தோடு ஒப்பிட்டால் எடுத்தது எவ்வளவு, அதன் மதிப்பு என்ன? எதற்காக எடுத்தார்? இரண்டு படைப்புகளும் ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்குமா? மூன்றையும் பார்த்து அது ஃபேர் டீலிங்தான் என்றது.

இந்த மூன்றாவது கேள்வியை இரண்டு விளையாட்டுகளில் வைத்துப் பார்ப்போம்.

மைன்கிராஃப்டில் ஒருவர் வீடு கட்டுவதை நூறு மணி நேரம் பார்த்தாலும் நான் விளையாடியதாக ஆகாது. பார்க்கப் பார்க்க நமக்கும் கட்டத்தான் தோன்றும். வீடியோ அங்கே விளம்பரம் மாதிரி வேலை செய்கிறது.

இப்போது 'வெண்பா'வை எடுத்துக்கொள்ளுங்கள். டொரண்டோவில் உள்ள விசாய் கேம்ஸ் என்ற சிறிய குழு 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம். அம்மாவின் சேதமான சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சமைக்க வேண்டும். 2024-ல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது வாங்கியது. ஆனால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது, முடித்துவிடலாம். அதன் உயிர் கதையில் இருக்கிறது. முழு பிளேத்ரூவை யூடியூபில் பார்த்தவருக்கு வாங்க வேண்டிய காரணம் எவ்வளவு மிச்சம்? நம் ஆட்களே எடுத்த, நம் வீட்டுக் கதை சொல்லும் விளையாட்டு இது. அதன் காசு யாருக்குப் போக வேண்டும் என்று யோசிக்கும்போது 'பெரிய கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும்' என்ற வழக்கமான சமாதானம் செல்லுபடியாகாது.

ஜப்பானில் இது கற்பனைக் கேள்வியாக நிற்கவில்லை. 'ஸ்டைன்ஸ்;கேட்' வரிசையில் ஒரு கதை விளையாட்டின் வீடியோவை முடிவு வரை போட்டு விளம்பர வருமானம் பார்த்த ஒருவருக்கு, 2023 செப்டம்பரில் செண்டாய் மாவட்ட நீதிமன்றம் 2 ஆண்டு சிறையும் 10 லட்சம் யென் அபராதமும் விதித்தது. சிறைத் தண்டனை 5 ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. நம்ம சட்டத்தின் 63-ஆம் பிரிவிலும் தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை என்று இருக்கிறது.

அப்படியானால் லட்சக்கணக்கான வீடியோக்கள் எப்படி ஓடுகின்றன? தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதால். அவ்ளோதான். அந்த அனுமதியும் மாறிக்கொண்டே இருக்கும். நிண்டெண்டோ 2013-ல் வீடியோக்களின் விளம்பர வருமானத்தைத் தன் பக்கம் இழுத்தது; 2015-ல் பங்கு தரும் திட்டம் கொண்டுவந்தது; 2018-ல் அதையும் மூடிவிட்டுப் பொது வழிகாட்டுதல் போட்டது. உங்கள் பேச்சோ படைப்போ இல்லாத வெறும் நகல் கூடாது என்பது அதில் முக்கியமான வரி. 'பெர்சோனா 5' வெளிவந்த 2017-ல், கதைக்குள் வரும் ஜூலை 7-க்குப் பிறகு காட்டாதீர்கள் என்றது அட்லஸ். எதிர்ப்பு வந்ததும் நவம்பர் 19 வரை தள்ளிவைத்தது.

இனி ஸ்ட்ரைக் விஷயம். கன்டென்ட் ஐடி கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளெய்ம் என்றால் பெரும்பாலும் வருமானம் போகும், அல்லது வீடியோ சில இடங்களில் தெரியாது. ஸ்ட்ரைக் 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். எதிர்த்து கவுண்டர் நோட்டிஸ் கொடுக்கலாம். புகார் கொடுத்தவர் 10 அமெரிக்க வேலை நாட்களுக்குள் வழக்குப் போட்டதைக் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும். ஆனால் அந்தப் படிவத்தில் உங்கள் பெயரும் விலாசமும் எதிராளிக்குப் போகும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர், யூடியூப் இருக்கும் கலிஃபோர்னியா மாவட்ட நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குச் சம்மதிக்கவும் வேண்டும். அதாவது அந்த 107-ஆம் பிரிவு நிஜமாகவே உதவக்கூடிய இடம் அதுதான். கூடுவாஞ்சேரியிலிருந்து அங்கே போய் யார் வாதாடுவது? தம்பி கவுண்டர் நோட்டிஸ் கொடுக்கவில்லை. மீதிப் பாகங்களை அவரே எடுத்துவிட்டார். இரவெல்லாம் கண்விழித்து எடிட் செய்த வேலை.

சேனல் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது:

1. ஆட்டத்தைத் தொடங்கும் முன் அந்த கம்பெனியின் வீடியோ கொள்கைப் பக்கத்தைப் படியுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

2. கேமுக்குள் ஓடும் சினிமாப் பாட்டு, பாப் பாட்டுக்குத் தனி உரிமையாளர் இருக்கலாம். செட்டிங்ஸில் அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள்.

3. கதை விளையாட்டு என்றால் முழுதாகப் போடாதீர்கள். ஒரு காட்சியைக் காட்டுங்கள், அது ஏன் வேலை செய்கிறது என்று பேசுங்கள். 52-ஆம் பிரிவு கேட்கும் விமர்சனம் இதுதான்.

4. சின்னக் குழு என்றால் ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். வீடியோவில் வாங்கும் லிங்க்கையும் கொடுங்கள்.

அந்த ஆங்கிலப் பத்தியை எடுத்துவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை. அந்த இடத்தில் விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயரை எழுதலாம்.