பழைய கேம் கருவிக்குப் பொருத்தமான ஹார்ட் டிஸ்க் எது?

உற்பத்தி நிறுத்தப்பட்ட விளையாட்டுக் கருவிகளுக்கு இன்றும் வாடிக்கையாளர்கள் இருக்கின்றனர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 2, 2006ஆம் ஆண்டில் வெளிவந்த நின்டென்டோ வீ ஆகியவற்றின் மென்பொருளில் மாற்றம் செய்து, இறுவட்டு இல்லாமலே யூ.எஸ்.பி. மூலம் விளையாடுகின்றனர். இவர்கள் வெளி ஹார்ட் டிஸ்க் கேட்டு வரும்போது, இருப்பதில் பெரியதை எடுத்துக் கொடுத்தால் மறுநாளே அது திரும்பி வரக்கூடும். டிஸ்க்கில் பழுது இராது. கருவிக்கு அது பொருந்தாமையே காரணம். ஆனால் பெட்டி திறந்த பொருளைப் புதியதென்று விற்க முடியாது. நட்டம் வியாபாரிக்கே. எனவே விற்பதற்கு முன் பின்வருவனவற்றைக் கவனிப்பது நல்லது.

கருவியின் வேகம்: பிளேஸ்டேஷன் 2இல் உள்ளது யூ.எஸ்.பி. 1.1. செக்கனுக்கு 1.5 மெகாபைட்டுக்கு மேல் அதில் செல்லாது. அதன் டீவீடி பகுதியோ செக்கனுக்குச் சுமார் 5 மெகாபைட் வரை வாசிக்கக் கூடியது. ஆகவே எவ்வளவு விலையுயர்ந்த டிஸ்க்கை இணைத்தாலும் பல விளையாட்டுகளில் காட்சிகள் தடைப்படும். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீ கருவியில் யூ.எஸ்.பி. 2.0 இருப்பதால் இச்சிக்கல் இல்லை.

மின்சாரம்: யூ.எஸ்.பி. 2.0 போர்ட் ஒன்று வழங்குவது 500 மில்லிஅம்பியர் மட்டுமே. சிறிய ஹார்ட் டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும்போது இதைவிடக் கூடுதலாக இழுக்கலாம். அப்போது டிஸ்க் டிக், டிக் என்று ஒலிக்கும். கருவி அதைக் கண்டுகொள்ளாது. தனி அடப்டர் உள்ள டிஸ்க், அல்லது இரு முனைக் கேபிள் இதற்குத் தீர்வாகும்.

போமட்: புதிய டிஸ்க்குகள் பல எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறையில் வருகின்றன. இவ்விரு கருவிகளுக்கும் பாதுகாப்பான தெரிவு ஃபேட் 32 ஆகும். டிஸ்க்கின் பிரிப்பு முறை ஜி.பி.டி. அல்லாது எம்.பி.ஆர். ஆக இருக்க வேண்டும். எம்.பி.ஆர். முறை பொதுவாக 2 டெராபைட் வரையே கையாளும் என்பதால், அதற்கு மேற்பட்ட டிஸ்க்கை விற்காதிருப்பது நல்லது. ஃபேட் 32இல் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. பெரிய விளையாட்டுகளைத் துண்டுகளாகப் பிரித்தே பதிய வேண்டும்.

பென் டிரைவ்: மலிவான பென் டிரைவ்கள் நீண்ட நேர வாசிப்பில் அடிக்கடி தொடர்பை இழக்கின்றன. உறையில் குறித்த கொள்ளளவு உள்ளே இல்லாத போலிகளும் சந்தையில் உண்டு. கொள்வனவு செய்த தொகுதியில் ஒன்றை எடுத்து, முழுமையாக நிரப்பி வாசித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

வாடிக்கையாளர் தனது பழைய டிஸ்க்கைக் கொண்டு வந்தால், போமட் செய்யும்போது அதிலுள்ள படங்களும் கோப்புகளும் அழிந்துவிடும் என்பதைக் கூறி, சம்மதம் பெற்ற பின்னரே கை வைக்க வேண்டும். பிறருக்கு உரித்தான விளையாட்டுகளை அனுமதியின்றி நிரப்பி விற்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை மீறலாகும். டிஸ்க்கை வெறுமையாகவே விற்க வேண்டும்.

கடையில் ஒரு பழைய கருவியை வைத்திருந்து, வாடிக்கையாளர் முன்னிலையிலேயே டிஸ்க்கை இணைத்துக் காட்டுங்கள். எந்தக் கருவிக்காக விற்கப்பட்டது என்பதைப் பற்றுச்சீட்டிலும் எழுதிக் கொடுங்கள். பொருள் திரும்பி வருவது குறையும். வாடிக்கையாளர் திரும்பி வருவது கூடும்.