தொப்பூர் இறங்கும் முன் பின் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்!

பண்டிகை வந்தால் பெங்களூரில் இருக்கும் நம்மவர்களுக்கு ஊர் நினைப்பு வந்துவிடும். ரயிலில் இடம் கிடைக்காது. பஸ்ஸில் ஏறவே முடியாது. அதனால் பழைய கார் ஒன்றை வாங்கிப் போட்டு, பெண்டு பிள்ளைகளோடு ஓசூர் வழியாக ஊர் போய் வருகிறவர்கள் நம்மில் பலர்.

நானும் அவர்களில் ஒருவன். ரயில்வேயில் குமாஸ்தா வேலை. ஆனாலும் பொங்கலுக்கு எனக்கே டிக்கெட் கிடைப்பதில்லை! ஆகவே வேறொருவர் ஓட்டிய மாருதி 800 ஒன்றை வாங்கினேன். 1983 டிசம்பரில் வெளிவந்த மாடல் அது. 2014-இல் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். என்றாலும் நம் சந்துகளில் இன்னும் ஓடுகிறது. உதிரி பாகங்களுக்கும் ஜே.சி. ரோடு இருக்கிறது.

சென்ற பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு ஒரு மாலை. வீட்டு வாசல் சரிவில் காரை நிறுத்தினேன். கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். நாலடி நடந்திருப்பேன்.

"ஏங்க, வண்டி போகுதுங்க!" என்று என் மனைவி அலறினாள்.

கார் தானாகப் பின்னால் உருண்டுகொண்டிருந்தது. சந்தில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நல்ல காலம், எதிர் வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் மோதி நின்றது. யாருக்கும் காயம் இல்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வண்டியில்தான் வயதான தாயாரை உட்கார வைத்துத் தொப்பூர் கணவாய் இறங்க வேண்டும்!

இரண்டு மாதம் முன்புதான் ஒரு பட்டறையில் "பின்னால் புது பிரேக் ஷூ போட்டாச்சு" என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தார்கள். போட்டார்களா, இல்லையா? கழற்றிப் பார்த்தால்தானே தெரியும்? நானே கழற்றுவது என்று முடிவு செய்தேன்.

உள்ளே என்ன இருக்கிறது?

பின் சக்கரத்தைக் கழற்றினால் கவிழ்த்த சட்டி போல ஓர் இரும்பு டிரம் தெரியும். சக்கரத்தோடு அதுவும் சுழலும். அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். அவற்றின் முதுகில் ஒட்டியிருப்பது லைனிங். காலால் பிரேக்கை மிதித்தால் பிரேக் ஆயில் குழாய் வழியாக அழுத்தம் போகிறது. வீல் சிலிண்டரில் உள்ள இரண்டு பிஸ்டன்கள் வெளியே தள்ளுகின்றன. ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்புறத்தைப் பற்றிக்கொள்கின்றன. காலை எடுத்தால் ஸ்பிரிங்குகள் அவற்றைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும்.

கை பிரேக் இழுக்கும்போதும் இதே ஷூக்கள்தான் விரிகின்றன. அதற்கு ஆயில் இல்லை, இரும்புக் கேபிள். ஆகவே கை பிரேக் நிற்கவில்லை என்றால், ஒன்று கேபிள் தளர்ந்திருக்கும், அல்லது ஷூ தேய்ந்திருக்கும். கேபிளை மட்டும் முறுக்கிவிட்டு அனுப்புவது பட்டறைக்காரருக்கு எளிது. நோய் உள்ளேயே இருக்கும்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. அதனால் பெரும் பங்கு வேலையை முன் சக்கரங்களே செய்கின்றன. பின் ஷூ மெதுவாகத் தேயும். மெதுவாகத் தேய்வதால்தான் எல்லோரும் அதை மறந்துவிடுகிறோம்.

ரயிலுக்கும் காருக்கும் உள்ள வித்தியாசம்

ரயிலில் பிரேக் குழாய் முழுவதும் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று நிரம்பியிருக்கும். அந்த அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும். நடுவில் பெட்டி அறுந்து போனாலும் காற்று வெளியேறி இரண்டு பாதியும் தாமே நின்றுவிடும். பிரேக் கெட்டால் வண்டி நிற்கும் என்பது ரயிலின் ஏற்பாடு.

காரில் இது தலைகீழ். ஆயில் ஒழுகினால் பிரேக் பிடிக்காது. ஷூ தேய்ந்தால் பிரேக் பிடிக்காது. கெட்டுப்போனால் வண்டி ஓடும்! ஆகவே நாம்தான் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரயில் புறப்படும் முன் 'பிரேக் பவர் சர்டிபிகேட்' என்று ஒரு தாள் உண்டு. பெட்டிகளைப் பரிசோதித்தவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். ஓட்டுநரும் கார்டும் கையெழுத்திட வேண்டும். கார்டுக்கு 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று பெயர். அந்தத் தாள் இல்லாமல் ரயில் நகராது. நம் காருக்கு அப்படிக் கையெழுத்திட யார் இருக்கிறார்கள்?

வேலை ஆரம்பம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். சமதரையில் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தேன். கை பிரேக்கை விட்டால்தான் டிரம் கழலும். ஆகவே வண்டியைப் பிடித்து நிறுத்துவது இந்தக் கற்கள்தான்.

சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரில் நீளக் குழாய் செருகி இழுத்தால் வண்டி சரிந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, அதில் வண்டியை இறக்க வேண்டும். செங்கல் அடுக்குவது ஆபத்து. பாரத்தில் செங்கல் நொறுங்கும்.

எங்கள் வண்டியில் டிரம்மின் நடுவில் ஒரு சிறு மூடி. உள்ளே பெரிய நட்டு. அது கழலாதபடி காட்டர் பின் பூட்டியிருக்கிறது. பழைய பின்னை எறிந்துவிட்டுப் புதியதுதான் போட வேண்டும். டிரம் வர அடம் பிடித்தால் மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் தட்டலாம். இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் டிரம் உடையும்.

டிரம்மைக் கழற்றியதும் கறுப்புத் தூள் தெரியும். அதை வாயால் ஊதாதீர்கள்! காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துக் கூட நோய் தரும். முகமூடி கட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிய வேண்டும்.

ஷூவைப் பார்த்தேன். லைனிங் 1 மில்லிமீட்டர் கூட இல்லை. ஓரிடத்தில் இரும்பே தெரிந்தது. பட்டறையில் புது ஷூ போட்ட லட்சணம் அதுதான்!

ஒரு பக்கத்தை அப்படியே வையுங்கள்

ஸ்பிரிங்குகள் எது எங்கே என்று புதியவனுக்கு ஞாபகம் இருக்காது. அதற்கு ஒரே வழி, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறு பக்கத்தைப் பிரிப்பது. சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கத்தின் டிரம்மை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். இடதும் வலதும் கண்ணாடியில் பார்ப்பது போல மாறி இருக்கும். கை பிரேக் நெம்பு கோர்த்திருப்பது பின்பக்கத்து ஷூவில் என்பதை மறக்கக் கூடாது.

ஷூவை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிதானால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இழுவை போன ஸ்பிரிங்குகளையும் மாற்றிவிடுவது நல்லது. டிரம்மின் உள்ளே விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ஆழமான வரிகள் இருந்தால் கடைசல் பட்டறைக்குக் கொடுக்கலாம். அதற்கும் எல்லை உண்டு. எவ்வளவு அகலம் வரை தாங்கும் என்பது பல டிரம்களில் பொறித்தே இருக்கும். புது லைனிங் மீது கிரீஸ் கை படவே கூடாது.

நான் செய்த தவறு

இடது பக்கம் முடிந்தது. வலது பக்கத்தில் புது ஷூவும் கோர்த்தாயிற்று. டிரம்மை மாட்டும் முன் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். ஏழு வயது மகன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கார் ஓட்டுகிற மாதிரி விளையாடி, பிரேக்கை மிதித்துவிட்டான்.

டிரம் இல்லாததால் ஷூவைத் தடுக்க எதுவும் இல்லை. சிலிண்டரிலிருந்து பிஸ்டன் வெளியே வந்து விழுந்தது. பிரேக் ஆயில் புது லைனிங் முழுவதும் கொட்டியது. ஆயில் ஊறிய லைனிங் பிடிக்காது. கழுவினாலும் நம்ப முடியாது. புது ஷூ ஒன்றும் ஓட்டாமலே பாழ்!

பையன் மீது குற்றமில்லை. கதவைப் பூட்டாதது என் குற்றம்.

அடுத்த சந்தில் தர்மபுரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாற்பது வருடம் லாரி மெக்கானிக்காக இருந்தவர். ஓடிப் போய் அழைத்து வந்தேன். பார்த்தார். சிரித்தார்.

"தம்பி, ஷூ மாத்துனது சரியாத்தான் இருக்கு. ஆயில் வெளிய வந்துட்டா இனி உங்க வேலை இல்ல. இத நான் பாக்குறேன்" என்றார்.

சிலிண்டரின் ரப்பர் கப்புகளைப் புதிதாகப் போட்டார். ஷூ இன்னொரு ஜோடி வாங்கி வந்தேன். நான் பெடலை மிதித்துப் பிடிக்க, அவர் நிப்பிளைத் திறந்து மூட, குழாயில் புகுந்த காற்று குமிழி குமிழியாக வெளியேறியது. பெடல் மெத்தென்று இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம். கல் போல ஆகும் வரை அவர் விடவில்லை. திறந்து நாளான டப்பாவில் இருந்த ஆயிலையும் ஊற்ற விடவில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சூடானால் அந்த ஈரம் ஆவியாகிப் பிரேக் தளர்ந்துவிடும்.

பிறகு பெடலை ஐந்தாறு முறை அழுத்தி மிதிக்கச் சொன்னார். ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி அதில் தானாகச் சரியாகிவிட்டது. கை பிரேக் கேபிளைச் சரி செய்தது கடைசியில்தான். சக்கரம் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். கை பிரேக் இழுத்தால் அசையக் கூடாது.

கூலி கொடுத்தேன். வாங்க மறுத்து, "ஊருக்குப் போனா கரும்பு கொண்டு வாங்க, போதும்" என்றார்.

தொப்பூர் இறக்கத்தில்

காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பிறகு நான்கு நாள் ஊருக்குள்ளேயே ஓட்டினேன். புது லைனிங் டிரம்மோடு படிய நாளாகும். சக்கர நட்டுகளையும் மறுபடி முறுக்கிப் பார்த்தேன்.

பொங்கலுக்கு முதல் நாள் விடியற்காலை. தாயார் ஏறி உட்கார்ந்ததும் என் மனைவி, "சர்டிபிகேட் ஆச்சுங்களா?" என்று கேட்டாள்.

"ஆச்சு. பெரியவர் கையெழுத்துப் போட்டுட்டார்" என்றேன்.

தர்மபுரி தாண்டி சேலம் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் தொப்பூர் இறக்கம் வந்தது. பிரேக் பிடிக்காத லாரிகள் முன்னால் போகும் வண்டிகள் மீது மோதிப் பல உயிர்கள் போன இடம் அது. பெரியவர் சொன்னபடி மூன்றாவது கியரில் இறங்கினேன். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவார்கள் சிலர். அது பெரிய தவறு. எஞ்சினின் பிடி போய், முழு பாரமும் பிரேக்கில் விழும். விடாமல் மிதித்தால் டிரம் சூடேறி, புது ஷூவும் பிடிக்காமல் போகும்.

இறக்கம் முடிந்ததும் வண்டியை ஓரம் கட்டினேன். கை பிரேக்கை இழுத்தேன். அசையாமல் நின்றது. தாயார் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் தாமே மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கை வராதவர்கள் மெக்கானிக்கிடமே கொடுங்கள். ஆனால் டிரம்மைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய ஷூவைக் கையில் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடுத்த பண்டிகைக்கு ஊர் புறப்படும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். பலகாரம் கட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.