மிதிவண்டியில் கோடியக்கரைக்கு

வேளாங்கண்ணிக்கு ஒருமுறையேனும் சென்று வராத கத்தோலிக்கக் குடும்பம் தமிழகத்தில் அரிது. அன்னையின் திருமுன் மெழுகுதிரி ஏற்றுகிறோம். கடலில் கால் நனைக்கிறோம். செபமாலைகளும் படங்களும் வாங்கிக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறோம். அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 50 கி.மீ. தொலைவில், சோழ மண்டலக் கடற்கரை சட்டெனத் திரும்பும் முனையில், சைபீரியாவிலிருந்து வரும் பறவைகளும் வேறொரு திருப்பயணக் கூட்டம்போல் வந்திறங்குகின்றன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பலமுறை வேளாங்கண்ணி சென்றிருந்தும் நாமும் சென்ற சனவரித் திங்கள் வரை அறியாமலே இருந்தோம்.

எங்கள் பங்கின் இளையோர் எழுவர், அவர்களுள் இருவர் பெண்கள்; பெற்றோர் மூவர்; உதவிப் பங்குத்தந்தை; ஆகப் பதினொருவர் புறப்பட்டோம். முதலில் வேன் ஒன்றை அமர்த்துவதாகத்தான் பேச்சு. "ஆவணித் திருவிழாவிற்கு எத்தனையோ பேர் சைக்கிள் மிதித்தே வேளாங்கண்ணிக்கு வருகிறார்கள். நமக்கு அந்த 50 கிலோமீட்டர் பெரிதா சாமி?" என்று இளைஞர் ஒருவர் தந்தையிடம் கேட்டது வினையாயிற்று. வேன் கைவிடப்பட்டது. பெற்றோர் மூவரின் முழங்கால்களை யாரும் கலந்து ஆலோசிக்கவில்லை.

அதிகாலைத் திருப்பலி முடிந்ததும் கிளம்பினோம். தை மாதத்தில் அந்தக் கடற்கரையில் வீசுவது வாடைக் காற்று. வடகிழக்கிலிருந்து வரும் அது தெற்கு நோக்கிச் செல்வோரை முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும். திருப்பூண்டி கடந்ததும், வேட்டைக்காரனிருப்பு கடந்ததும் எங்களுக்குத் தெரியவே இல்லை. "இவ்வளவுதானா!" என்று இளைஞர்கள் ஆரவாரம் செய்தார்கள். திரும்பும்போது அதே காற்று நெற்றியில் அறையும் என்பதை எண்ணிப் பார்க்கும் வயது அவர்களுக்கு இல்லை; எங்களுக்கு இருந்தது, வாய் திறக்கவில்லை.

சாலையோரச் சிற்றூர்களைக் கடக்கும்போது வேகம் குறைத்தோம். 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகத்தில் மிகக் கொடுமையாகத் தாக்கிய மாவட்டம் நாகப்பட்டினமே. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மறுநாள் அன்னையின் திருத்தலத்திற்கு வந்திருந்த திருப்பயணிகள் பலரும் அன்று மாண்டனர். இந்தச் சாலையில் உள்ள நாலுவேதபதி என்னும் ஊரோ ஓரளவு தப்பியது. 2002-ல் அவ்வூர் மக்கள் ஒரே நாளில் 80,000-க்கும் மேற்பட்ட மரக்கன்றுகளை நட்டு உலகச் சாதனை படைத்திருந்தனர். இரண்டே ஆண்டு வளர்ந்த அம்மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்தன. பின்னர் 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கசா புயல் இந்த வட்டாரத்துத் தென்னையையும் முந்திரியையும் மாவையும் வேரோடு சாய்த்தது. சாய்ந்த மரங்களின் இடத்தில் நட்ட இளந்தென்னைகளை வழிநெடுகக் கண்டோம். காரில் சென்றால் அவை வெறும் பச்சை. மிதிவண்டியில் செல்பவர்களுக்கு எந்தத் தோப்பில் எத்தனை கன்று பிழைத்தது என்று எண்ணிச் சொல்லவும் நேரமிருக்கிறது.

வேதாரண்யத்தில் காலைச் சிற்றுண்டி. அதற்குத் தெற்கே அகத்தியம்பள்ளி. 1930 ஏப்ரல் 30 அன்று இராசாசியும் தொண்டர்களும் தடையை மீறி உப்பு அள்ளிய இடம். அவர்கள் திருச்சியிலிருந்து நடந்தே வந்தவர்கள் என்பது நினைவிற்கு வர, கால் வலியைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒருவர் மௌனமானார். அவர் யார் என்று இங்கே எழுதுவதற்கில்லை.

அகத்தியம்பள்ளிக்கு அப்பால் உலகம் மாறிவிடுகிறது. இருபுறமும் உப்பளங்கள், சேற்று வெளிகள், தொடுவானம் வரை தண்ணீர்த் தகடு. நிழல் என்பதே இல்லை. குடிநீர் கையோடு கொண்டு செல்ல வேண்டும். மழை முடிந்து பாத்திகளைச் சீர்செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள் வெறுங்காலுடன் உவர்ச்சேற்றில் நின்றார்கள். உப்பின் மேல் வெயில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் எங்களுக்கு அரைமணி நேரத்திலேயே கண் கூசிற்று. அவர்கள் நாள் முழுதும் அதிலேயே நிற்கிறார்கள்.

கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம் 1967-ல், முதன்மையாக வெளிமானைக் காப்பதற்கென அமைக்கப்பட்டது. 2002-ல் இச்சரணாலயமும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் அடங்கிய 38,500 எக்டேர் பரப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் உடன்படிக்கையின்கீழ் ஏற்கப்பெற்றது. அப்பெருமையைத் தமிழகத்தில் முதலில் அடைந்தது இதுவே. முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தமையால், பாதையை விட்டு இறங்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் மிதிவண்டிகளை உள்ளே விட்டார்கள். ஒரு வனக்காவலரும் உடன் வந்தார். செல்ல விரும்பும் குடும்பங்கள் முதலில் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டே புறப்படுக.

காட்டின் முகப்பில் பாலை மரங்கள். உயர்ந்தோங்கிய காடு அன்று. உப்புக் காற்றில் குறுகி, நெருங்கி, ஆண்டு முழுதும் பச்சையாய் நிற்கும் உலர்ந்த நிலத்துக் காடு. இத்தகைய காடு நம் கீழைக் கடற்கரையில் மிகுதியாக எஞ்சவில்லை. அதனூடே சீமைக் கருவேலமும் நுழைந்து, மான் மேயும் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. அதன் முள் எங்களையும் விடவில்லை. பத்து நிமிடத்திற்குள் மூன்று சக்கரங்கள் பஞ்சர். ஒட்டுவதற்கு வேண்டியவற்றைக் கொண்டு சென்றிருந்ததால் பிழைத்தோம்.

புல்வெளியின் விளிம்பை அடைந்தோம். கரிய மேனியும் வெள்ளை வயிறும் முறுக்கிய நெடுங்கொம்புமாய் ஓர் ஆண் வெளிமான்; சுற்றிலும் பழுப்புநிறப் பெண்மான்கள். சற்றுத் தள்ளி, யாரோ ஒரு காலத்தில் வளர்த்துக் கைவிட்டவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள். எங்களைக் கண்டதும் மான்கள் தலை நிமிர்ந்தன. அடுத்த கணம் துள்ளிப் பாய்ந்து அகன்றன.

எங்களுக்கு ஏமாற்றம். ஓசையில்லை, புகையில்லை, காரில் வருவோரைவிட நாம் மேலானவர் அல்லவா என்ற எண்ணம் வழியெல்லாம் எங்களுக்குள் ஊறிக்கொண்டிருந்தது. காவலர் சிரித்தார். "சாமி, ஜீப்பைத் தினமும் பார்த்து அதற்குப் பழகிவிட்டது. அதற்குள் மனிதன் இருப்பது மானுக்குத் தெரியாது. சைக்கிளில் வந்தால் மனித உருவம் அப்படியே தெரியும். பதினொரு பேர் வரிசையாக வந்தால் அது வேட்டைக் கூட்டம்தானே!" என்றார். பிறகு அவரே வழியும் சொன்னார்: இறங்க வேண்டும், வண்டியைச் சாய்த்துவிட்டு அமர வேண்டும், பேசக் கூடாது. அமர்ந்தோம். அரைமணி நேரம் கழித்து மான்கள் தாமாகவே மீண்டும் மேயத் தொடங்கின. பங்கில் மறையுரை நேரத்தில்கூட அத்தனை அமைதியாக அமராத பிள்ளைகள் அவர்கள்.

நண்பகல் சாய்ந்தபின் சேற்று வெளியை அடைந்தோம். அங்கேதான் பூநாரைகளைக் கண்டோம். நூற்றுக்கணக்கில் நின்றன, தொலைவில் அது பறவைக் கூட்டமாகவே தெரியவில்லை, நீரின் மேல் ஓர் இளஞ்சிவப்புக் கோடு. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, அலகின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற தகடுகளால் நீரை வடித்து, நுண்ணுயிர்களை உண்ணும். உண்ணும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறமே அதன் இறகின் சிவப்பு. அவற்றின் காலடியில், சேறே நகர்வதுபோல் ஓடித் திரிந்தன கொசு உள்ளான்கள். ஓர் உள்ளான் ஏறக்குறைய 25 கிராம். அவ்வளவு சிறிய உயிர் வடதுருவத்தை ஒட்டிய நிலத்தில் குஞ்சு பொரித்து, ஆயிரக்கணக்கான கி.மீ. பறந்து இச்சேற்றைத் தேடி வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகளாக இங்கே பறவைகளுக்குக் காலில் வளையமிட்டு அவற்றின் வழியை ஆராய்ந்து வருகின்றனர். அறிஞர் சாலிம் அலி நேசித்த இடம் இது.

இதற்குள் நேர்ந்தது எங்களுக்கு வெட்கம் தருவது; ஆயினும் மறைப்பது முறையன்று. இளைஞர் ஒருவர், நல்ல பிள்ளை, பீடச் சிறுவராக இருந்தவர், கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வரப்பிலிருந்து இறங்கிச் சேற்றில் ஓடிக் கை தட்டினார். பறவைகள் எழுந்து பறப்பதைப் படம் பிடிக்க விரும்பினாராம். முழுக் கூட்டமும் எழுந்தது. சிறகின் உட்புறச் சிவப்பும் கருமையும் வானில் விரிந்தன. அழகுதான், மறுக்கவில்லை. நாங்களும் ஒரு கணம் வாய் பிளந்து பார்த்தோமே தவிர, அவரைத் தடுக்கவில்லை.

காவலர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்போம். "தம்பி, அது இங்கே வேடிக்கை காட்ட வரவில்லை, சாப்பிட வந்திருக்கிறது. சின்னது பெரியது எல்லாம் பங்குனிக்குள் கொழுப்புச் சேர்த்தால்தான் திரும்பிப் போக முடியும். ஒவ்வொரு தடவை விரட்டும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் போய்விடும். நீங்கள் ஒருவர் அல்ல, ஞாயிற்றுக்கிழமை வருகிற ஒவ்வொருவரும் ஒரு தடவை விரட்டுகிறார்கள்" என்றார்.

இளைஞர் முகம் வெளிறி, "திரும்ப வருமா ஐயா?" என்று கேட்டார்.

"வரும். இங்கேயே வரும் என்று சொல்ல முடியாது."

தந்தை அப்போது ஒன்றும் பேசவில்லை. அசிசியாரைச் சூழலியலின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979-ல் அறிவித்ததைப் பற்றியும், திருத்தந்தை பிரான்சிசு 2015-ல் எழுதிய 'லவ்தாத்தோ சீ' திருமடலைப் பற்றியும் அங்கே பேசவென அவர் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். பின்னர் அவரே எம்மிடம், "அந்தக் காவலருக்குப் பிறகு நான் என்ன பேசுவது?" என்றார்.

கரையில் சிறிது நேரம் நின்றோம். சோழர் காலத்ததெனச் சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் இங்கே இடிபாடாக நின்றது. ஆழிப்பேரலை அதனையும் கொண்டுபோயிற்று. கரையோரமெங்கும் நெகிழிப் பைகளும் புட்டிகளும். இவற்றுள் வேளாங்கண்ணியில் நம்மவர் கடலில் எறிந்தவை எத்தனையோ! நீரோட்டம் எவருடைய குப்பை என்று பார்ப்பதில்லை. பிள்ளைகள் ஒரு சாக்கு நிறையப் பொறுக்கினார்கள். கை தட்டிய இளைஞர் இரண்டாவது சாக்கைத் தேடினார், கிடைக்கவில்லை, தம் மழைக்கோட்டைக் கழற்றி அதில் கட்டினார்.

இரவு வேதாரண்யத்தில் தங்கி, மறுநாள் விடியுமுன் வடக்கு நோக்கி மிதித்தோம். எதிர்பார்த்தபடியே வாடை. முன்னால் செல்பவர் காற்றைத் தாங்க, பின்னால் வருபவர் ஒட்டி வர, கி.மீ.க்கு ஒருவராக முறை மாற்றிக்கொண்டோம். முந்தைய நாள் மூன்று மணி நேரத்தில் கடந்த தொலைவிற்கு அன்று ஐந்தரை மணி நேரமாயிற்று. அந்த இளைஞர் இருமுறை முறை வந்தும் பின்னால் செல்ல மறுத்து, முன்னாலேயே மிதித்துக்கொண்டிருந்தார். புட்டிகள் கட்டிய மழைக்கோட்டு மூட்டை அவருடைய பின்னிருக்கையில் கடகடவென்று ஒலித்துக்கொண்டே வந்தது. வேட்டைக்காரனிருப்பில் தேநீருக்கு இறங்கியபோது, அந்தப் படத்தை என்ன செய்தாய் தம்பி என்று தந்தை கேட்டார். "இருக்கிறது சாமி" என்றார் அவர். "யாருக்கும் அனுப்பவில்லை."